புறம் மாறிய பாட்டு

இன்று பழைய மின்குமிழில் தூசி கருகிய மணம் வந்ததும், தொண்ணூறுகளில் அப்பா துப்புரவு வேலை பார்த்த, நாங்கள் புலம்பெயர்ந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதி யூத மண்டபத்துக்கு நினைவில் போய்விட்டேன். ஞாயிறுதோறும் முதியவர்கள் கூடி ஹீப்ரூவில் பாட, அப்பா பாட்டு எழுதிய பிளாஸ்டிக் தாள்களைப் புரொஜெக்டரில் வைத்துச் சுவரில் காட்டுவார். ஒருமுறை தாளைப் புறம் மாற்றி வைத்துவிட்டார். அத்தனை எழுத்தும் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் திரும்பி நிற்க, முன்வரிசைக் கிழவி சுவரைக் காட்டிச் சிரித்தார்.

"ஐயோ, வேலை போச்சடா!" என்றார் அப்பா. கூடப் போயிருந்த பள்ளிப்பிள்ளை எனக்குப் போவதற்கு வேலையே இல்லை. ஆனாலும் மேசைக்கடியில் ஒளிந்தது நான்தான்.

பாட்டு நிற்கவேயில்லை. முடிந்ததும் கிழவி சொன்னார்: "இளம்வயசில கூட்டுப்பண்ணையில தோடம்பழம் பறிக்கேக்க பாடினது, மிஸ்டர். மரத்திலயா எழுதி வச்சிருந்தனாங்கள்?"

மண்டபம் இடிபட்டுவிட்டது. அவர்களும் இல்லை, அப்பாவும் இல்லை. என்னிடம் மிஞ்சியது மெட்டு மட்டும்; அதுவும் மறந்துவிடுமோ என்று பதறி, வாய்க்கு வந்த சொற்களைப் போட்டுக் குளியலறையில் கத்துகிறேன். பிழை என்று சிரிக்க ஒருவரும் இல்லை.