அமைதி வண்டியின் வாசனை

சவ வண்டிக்குப் பின்னால் நடந்து போகிறவர்களுக்குப் பசி எடுக்குமா? எங்கள் ஊரில் எடுக்கும். வெளியே சொல்ல மாட்டார்கள், வெட்கம். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எச்சிலை விழுங்குவார்கள். இதற்கெல்லாம் காரணம் அந்த வண்டியின் டிரைவர்.

வண்டியின் நெற்றியில் 'அமைதி' என்று பெரிதாக எழுதியிருக்கும். அவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் அவருக்கும் அமைதிக்கும் ஏழாம் பொருத்தம். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார். கீழே இறங்கினால் ஓயாது. நம் காதுதான் பாவம்.

நாங்கள் உருளைக்கிழங்கு வறுவல் கடை வைத்திருந்தோம். வாணலி அம்மாவுடையது, கல்லா என்னுடையது, கிழங்கு சீவுவது அப்பா. முதல் ஈடு வெந்ததும் அம்மா அதை ஒரு தட்டில் போட்டு அப்பாவிடம் நீட்டுவாள். அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "உப்பு கம்மி" என்பார். சரியாக இருந்தாலும் அதையேதான் சொல்வார். "உங்க நாக்குல ஓட்டை" என்று அம்மா அடுத்த ஈட்டைப் போடுவாள். உப்பு டப்பாவைத் தொடக்கூட மாட்டாள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கூத்து இது.

பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை அமைதி அண்ணன் கேனில் வாங்கிப் போவார். எனக்கோ அந்த ஆள் மேல் ஒரே சந்தேகம்.

"தெளிய வச்சு வேற கடைக்கு வித்துடறாரும்மா. நாளைக்கு யாருக்காவது வயித்தால போனா நம்ம பேருதான் நாறும்."

"போய்ப் பாத்துட்டு வந்து பேசு" என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நேரே போய்விட்டேன். வண்டி நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழே, வரிசையாகப் பீப்பாய்கள். முழங்கை வரை ரப்பர் உறையும் முகத்தில் கண்ணாடியுமாக நின்றார் மனிதர்.

"தள்ளி நில்லும்மா. இது கண்ணுல பட்டா கண்ணு போயிடும்."

காஸ்டிக் சோடாவை மெத்தனாலில் கரைத்து வைத்திருந்தார். எங்கள் கடை எண்ணெயைத் துணியில் வடிகட்டி, ஈரம் போகக் காய்ச்சி ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது இதை ஊற்றிக் கலக்க வேண்டுமாம். "எண்ணெய்ல தண்ணி இருந்துச்சுன்னா கதை கந்தல். முத தடவ மொத்தமும் சோப்பாயிடுச்சு. உங்கம்மா வாணலி தேய்க்கறாங்களே, அது அந்தச் சோப்புதான்."

அம்மா இதை என்னிடம் சொல்லவே இல்லை. கள்ளி.

முந்தின நாள் கலக்கியதை ஒரு ஜாடியில் எடுத்துக் காட்டினார். அடியில் வெல்லப்பாகு மாதிரி கறுப்பு. மேலே தேன் நிறம். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டாற்போல் ஓர் எல்லை. கறுப்பைப் பீப்பாயின் அடியில் இருந்த குழாய் வழியே இறக்கிவிட்டு, மேலே நின்றதைத் தண்ணீரில் பலமுறை அலசிக் காய்ச்சி வைத்திருந்தார். அதில் ஒரு கண்ணாடித் தம்ளர் எடுத்து வெயிலில் பிடித்தார். அந்தப் பக்கம் அவர் விரலில் இருந்த ரேகை தெரிந்தது. சண்டை போட வந்த நான் குனிந்து பார்த்தேன். கீழே கொட்டினால் நாய்கூட மோந்து பார்க்காத எண்ணெய் அது.

"இது டீசலா அண்ணே?"

"டீசல் எஞ்சினுக்கு இதுவும் சாப்பாடுதான்."

வண்டியில் ஊற்றிக் கிளப்பினார். அவ்வளவு பெரிய வண்டி ஒரு குலுங்கு குலுங்கி உயிர் பெற்றது. புகையில் எங்கள் கடை மணத்தது. போன வாரம் அம்மா முன்னால் கொதித்த எண்ணெய்தான் இப்படி உறுமுகிறது என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அவருக்கு அந்த வாசனைதான் தலைவலி. "அழுதுட்டு வர்றவங்களுக்குப் பசிக்குதாம். ஒருத்தர் சட்டையவே பிடிச்சுட்டாரு. எத்தன அலசு அலசினாலும் போய்த் தொலைய மாட்டேங்குது."

சென்ற மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். வாணலியை இறக்கிவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வெளியூர்ச் சொந்தம் வந்து சேர அடக்கம் மூன்று நாள் தள்ளிப்போனது. அந்த மூன்று நாளும் அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை. சர்க்கரை வியாதிக்காரர். அத்தை கெஞ்சினாள், நான் கத்தினேன், அசையவில்லை. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இப்படியே விட்டா இவரையும் இழந்துடுவீங்க" என்றார்.

"அவ கையால குடுக்காம எனக்கு எறங்காதும்மா" என்றார் அப்பா.

அடக்கத்துக்கு வந்த அமைதி அண்ணன் வாசலிலேயே என்னை ஓரமாக அழைத்தார். "டேங்க்க காலி பண்ணிட்டு பங்க் டீசல் போட்டுட்டு வந்துடறேம்மா. இன்னிக்கு அந்த வாசன வேணாம். ஜனங்க மொகம் சுளிப்பாங்க."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "எங்கம்மா காய்ச்சின எண்ணெய் எங்கம்மாவத் தூக்கிட்டுப் போகக் கூடாதா? மொகம் சுளிக்கறவங்க பஸ்ல வரட்டும்."

அவர் அப்படியே வண்டியில் ஏறினார்.

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர் கால்கள் தரையில் இழுபட்டன. தெருமுனையில் வண்டி மேட்டில் ஏற, புகை கனத்து எங்கள் மேல் வந்தது. அப்பா நின்றுவிட்டார். விழப்போகிறார் என்று பயந்து இறுக்கிப் பிடித்தேன். அவரோ கண்ணை மூடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"முதல் ஈடு" என்றார்.

கொஞ்ச தூரம் போனபின், ஏதோ தப்புச் செய்தவர் போல என் காதருகே சொன்னார். "பசிக்குதும்மா."

அம்மா முன்னால் பெட்டிக்குள் படுத்திருக்கிறாள், பின்னால் வருகிற புருஷனுக்குப் பசியைக் கிளப்பிவிடுகிறாள். இதைவிடப் பெரிய அதிசயம் எதையும் நான் பார்க்கவில்லை, பார்க்கவும் வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் அமைதி அண்ணன் எங்களைக் கடையில் இறக்கிவிட்டார். அடுப்பைப் பற்றவைத்தேன். கிழங்கை நானே சீவினேன். சீவினது பாதி தடி, பாதி மெலிசு. வெந்ததைத் தட்டில் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். அவர் ஒன்றைக் கடித்தார். மென்றார். விழுங்கினார்.

"உப்பு கம்மி."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் நான், அங்கே உடைந்துபோனேன். "உங்க நாக்குல ஓட்டை" என்றேன். வார்த்தை பாதிதான் வெளியே வந்தது.

அப்பா இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டார். பிறகு, வாசலிலேயே நின்றுகொண்டிருந்த அமைதி அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, அந்த வாசனைய மட்டும் எடுத்துடாதீங்க."

வண்டியை விட்டு இறங்கியும் அந்த மனிதருக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அப்பா தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.