கடைசி ஊட்டுக்காரி

நேற்று மகள் வீட்டுப்பாடத்தை நீட்டினாள். "பத்தில் ஒன்றாம் இடத்தில் நான்கு. ஒன்றுகள் இடத்தில் அதைவிட ஒன்று குறைவு. நூறில் ஒன்றாம் இடத்தில் பூஜ்யம். நான் யார்?" மிளகு இடித்துக்கொண்டிருந்த நான், "புள்ளிக்குக் கெழக்கால மொத ஊட்டுல நாலு பேரு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"ஏம்மா, கணக்குல ஏது ஊடு?" என்று சிரித்தாள்.

இருந்ததே! ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில், மிளகும் காப்பித்தூளும் விற்கும் கடையொன்றில் நானும் ஸ்டெல்லாவும் வேலை பார்த்த காலம் அது. சேலத்துக்குக் குடிவந்த பிறகும் அந்த வாசனை என் சுடிதார் ஒன்றில் வெகுநாள் இருந்தது. கடைசியில் அதைப் பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு சின்ன டப்பா வாங்கினேன். அது கிடக்கட்டும். மழை பிடித்து ஆள் வராத மத்தியானங்களில் ஸ்டெல்லா எலக்ட்ரானிக் தராசில் எதையாவது வைத்து, எண் தெரியாமல் கையால் மூடிக்கொண்டு, எடையை விடுகதையாகப் போடுவாள். எங்கள் பக்கம் இடது வலது ஏது? எல்லாம் மேற்கு கிழக்குதான். புள்ளி ஒரு சந்து. மேற்கே முழுக் கிலோக்களின் வீடு, கிழக்கே உடைந்த துண்டுகளின் வீடுகள். பள்ளியில் கணக்கில் முட்டை வாங்கிய எனக்குத் தசமம் பிடிபட்டது அங்கேதான்.

ஸ்டெல்லாவுக்கு அப்பா அம்மா இல்லை. தலைச்சோலையில் அண்ணன் வீட்டுக் கடைசி அறையில் இருந்தாள். "அந்த ரூமை டூரிஸ்ட்டுக்கு உடோணும்ங்கறாங்க அண்ணி" என்றாள் ஒருநாள்.

"அட, அதெல்லாம் செய்ய மாட்டாங்க, உடு புள்ள" என்றேன். அக்கா கல்யாணமாகிப் போனதில் எங்கள் வீட்டில் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் தராசை மூடிக்கொண்டு கேட்டாள். "மேக்கால ஊடு காலி. கெழக்கால மொத ஊட்டுல ரெண்டு பேரு. அடுத்த ஊட்டுல அதைவிட மூணு பேரு சாஸ்தி. கடைசி ஊட்டுல ஒருத்தி இருக்கறா, ஆனா கணக்குல வரமாட்டா. சொல்லு பாக்கலாம்."

"சைபர் புள்ளி ரெண்டு அஞ்சு சைபர். கால் கிலோ!" பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப கடைசி ஊட்டுக்காரி?"

"சைபர்தானே? இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"நொம்ப செரி" என்று கையை எடுத்தாள். விடை வந்த சந்தோஷத்தில் அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

அந்த வாரமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? "எங்க ஊட்டுக்கு வந்துரு புள்ள" என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லையே, பாவி.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார்கள். தலைச்சோலையில் அந்த அறைக்குத் திரைச்சீலையெல்லாம் போட்டு, வெளியே 'ரூம் காலி' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டெல்லாவின் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை.

மகள் 3.40 என்று எழுதிவிட்டு ரப்பரை எடுத்தாள். "கடைசி சைபர் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு மிஸ் சொன்னாங்கம்மா. அழிச்சிடவா?"

"அழிக்காத சாமி" என்றேன். "அவ பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."