விட்டுப்போன இரண்டு கோடுகள்

எந்த நாளில் நெல்லைக் கிடங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று விவசாயிகளுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளில் வேலை பார்க்கிறேன். மன்னார்குடியில் வாடகை வீடு. அலுவலகம் என்பது என் லேப்டாப்தான். அம்மா பக்கத்துக் கிராமத்தில் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறாள். அவள் போன் எண்ணும் செய்தி போகும் பட்டியலில் உண்டு.

அறுவடை தொடங்கியதிலிருந்து செய்தி அனுப்பும் சிறு நிரலான ஒரே டாஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக் களைத்திருந்தேன். கட்டளையின் கடைசியில் 'டெஸ்ட்' என்று சேர்த்தால் செய்தி என் போனுக்கு மட்டும் வரும். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் தனியாக இரண்டு சிறு கோடுகள் போட வேண்டும். போடாவிட்டால் டாஸ்க்கை ஓட்டிவைக்கும் பில்டு கருவி அந்தச் சொல்லைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். டாஸ்க்குக்குப் போய்ச் சேராது. அன்று காலை கோடுகளை விட்டுவிட்டேன். சொல் எதுவும் கிடைக்காத டாஸ்க், இன்றே நெல்லைக் கொண்டுவரவும் என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டது.

அம்மா போன் செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"மெசேஜ் வந்துச்சுன்னு டிராக்டர்ல ஏத்திக்கிட்டு வந்துட்டோம். இங்க கிடங்கு கேட்டு பூட்டியிருக்குடி."

டீம் லீடிடம் சொன்னேன். முந்தைய செய்தி தவறு என்று இன்னொரு செய்தி அனுப்பிவிட்டு, ஸ்கூட்டியில் கிடங்குக்குப் போனேன். மூன்று டிராக்டர்கள் ரோட்டோரம் நின்றன. அம்மா மூட்டை நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மெசேஜ் நான் தப்பா அனுப்பினதும்மா."

பக்கத்து வயல்காரர் கேட்டார்.

"எப்படிம்மா தப்பாகும்?"

"ரெண்டு கோடு போட மறந்துட்டேன், அண்ணே."

"கோடா?"

விளக்க ஆரம்பித்து, முடியாமல் நிறுத்தினேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"சரி, மூடிக்கிட்டு வருது. அந்தத் தார்ப்பாய இழுத்துப் பிடி."

மூன்று டிராக்டருக்கும் தார்ப்பாய் கட்டி முடிப்பதற்குள் தூறல் பிடித்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது. நனைந்துகொண்டே டிராக்டர்கள் ஊருக்குத் திரும்பின.

வீட்டுக்கு வந்ததும் டாஸ்க்கை மாற்றினேன். யாருக்கு அனுப்புவது என்ற சொல் வந்து சேராவிட்டால் இனி அது ஓடாது. நான்கே வரிகள். முன்பே எழுதியிருக்கலாம்.

மறுவாரம் உண்மையான செய்தி போனது. உடனே அம்மா கூப்பிட்டாள்.

"இது நெசமா, இல்ல நீ எதையாவது மறந்துட்டியா?"

"நெசந்தாம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. எல்லாரும் என்னத்தான் கேக்குறாங்க."

இருமுறை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.