கோணல் மாங்காய் ஜாக்கெட்

நேற்றும் என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். பஜ்ஜித் தட்டுகளைக் கழுவும்போது அத்தையின் கல்யாண ஜாக்கெட் நினைவுக்கு வந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில் கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்து கொடுத்தார்கள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டித் தைப்பது அம்மா. அதற்கு முன்னால் காகிதத்தில் பென்சிலால் பார்டர் வரைவது அத்தை. எங்கள் வேங்கிக்கால் பக்கம் அத்தை வரைந்த கொடி ஓடாத கல்யாண ஜாக்கெட் குறைவு. ஓர் இலை மயிரிழை சாய்ந்துவிட்டாலும் முழு வரிசையையும் அழிப்பாள். ரப்பர் தூளை ஊதித் தள்ளுவது அப்போது சிறுமியாக இருந்த என் வேலை. ஊதி ஊதி எனக்கே மூச்சு வாங்கும்.

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தே வீட்டில் எல்லோரும் ஓய்ந்து போயிருந்தோம். கிரிவலம் வருகிற சாக்கில் வந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனவர்களே ஜாஸ்தி. கடைசியில் ஓசூர்க்காரர் ஒருவர் சரி என்றார். அப்பா கேட்டதற்கு அத்தை, "உங்க இஷ்டம்ணா" என்றாள். அவ்வளவுதான், தேதி குறித்தாயிற்று.

தன் ஜாக்கெட்டுக்கு மட்டும் அவளுக்கு வரையவே வரவில்லை. கிளி வரைந்தாள், அழித்தாள். தாமரை வரைந்தாள், அழித்தாள். காகிதம் நைந்து ஓட்டையே விழுந்துவிட்டது.

"சட்டத்துல துணி மாட்டி எத்தினி நாளாச்சு? நான் எப்பத் தைக்கிறது?" என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

அத்தை புதுக் காகிதத்தையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினாள். "நீயே போடு கண்ணு. உனக்குப் புடிச்சத போடு."

நாக்கைத் துருத்திக்கொண்டு மாங்காய் வரிசை போட்டேன். ஒன்று கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது, இன்னொன்று குப்புற விழுந்து கிடந்தது. அத்தை ரப்பரை எடுப்பாள், ஊதலாம் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. துணியில் பதிப்பதற்காக, என் கோட்டின் மேலேயே ஊசியால் துளை போட்டுக்கொண்டு போனாள்.

அம்மா பதறிவிட்டாள். "இன்னா இது, ஊரே பாக்குமே! அழிச்சுட்டு வேற போடு."

"போதும் அண்ணி. இதுவே இருக்கட்டும்."

அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோணல் மாங்காயைக் கோணலாகவே ஜரிகையில் தைத்து முடித்தாள்.

கல்யாண மண்டபத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அத்தை ஜாக்கெட்டு நான் போட்ட டிசைனு" என்று பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லோரும் சிரித்துக் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

முன்பின் தெரியாத பெண்களுக்காக ஓர் இலைக்கு ஒரு வரிசையையே அழித்தவள், தன் கல்யாணத்துக்கு ஒரு மாங்காயைக்கூடத் திருத்தவில்லை. என் மேல் அவளுக்கு அத்தனை பாசம் என்றுதான் நேற்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.