கலைச்செல்வியின் அட்டையில் பதினொரு புத்தகங்கள்

நூலகர் என்றால் நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருப்பவன் என்று நினைக்கிறவர்கள், மிட்டாய்க் கடைக்காரன் நாள் முழுக்க லட்டு தின்கிறான் என்றும் நம்புவார்கள். செவிலிமேட்டுப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பதினெட்டு வருடம் நாற்காலியைத் தேய்த்த பிறகும், ஒரு வருடத்தைத் தள்ளிவிட்டால், நான் முழுதாகப் படித்த புத்தகங்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். முத்திரை குத்துவது, வாரப் பத்திரிகைக்கு நடக்கும் சண்டையைத் தீர்ப்பது, மழை வந்தால் ஒழுகும் இடத்தில் பிளாஸ்டிக் வாளி வைப்பது, இதற்கே பொழுது சரியாக இருக்கும். மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்க முண்டியவர்களே, கடைசிப் பக்கம் கிழிந்த துப்பறியும் கதையை எடுத்துப்போய்க் கொலைகாரன் யாரென்று தெரியாமலே தூக்கம் கெட்டவர்களே, என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

அப்படிப்பட்ட நான் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரே ஒரு வருடம் உலக இலக்கியமாகப் படித்துத் தள்ளினேன். எங்கோ பனி பெய்ததும், யாரோ ஒரு சீமாட்டி ரயிலைத் தவறவிட்டதும் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு நடந்தன. ஆசைப்பட்டுப் படித்தேன் என்று சொன்னால் பொய். படிக்க வேண்டி வந்தது.

பெற்றோர் மனு

எங்கள் தொழிலில் ஒரு எழுதாத வழக்கம் உண்டு. பிள்ளை பட்டப்படிப்பு முடித்ததும் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் நூலகத்துக்கு வருவார். புத்தகம் எடுக்க அல்ல. "எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போக. வாரத்துக்கு ஒருவராவது வருவார். நான் நிமிராமலே "சரிங்க" என்பேன். சொன்னவர் முகம் மறந்துவிடும், சொன்னது மட்டும் கையில் தங்கிவிடும். இருபது வயதில் யார் வந்து நின்றாலும் என் கை தானாகப் போட்டித் தேர்வு அலமாரிப் பக்கம் நீளும்.

ஒரு தடவை பட்டுச் சேலைக் கடையில் கணக்கெழுதும் ஒருவர் வந்து, தன் மகன் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே செருகிவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்: "வேலைவாய்ப்புப் பக்கம் தவிர எதையும் கண்ணுல காட்டாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பூட்டிய பீரோ

என் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ இருந்தது. பிற நாட்டு நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகள், ஒவ்வொன்றும் செங்கல் கனம். தொலைந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பூட்டி, சாவியைப் பூணூல் மாதிரி உடம்போடு வைத்திருந்தேன்.

கலைச்செல்வி என்று ஒரு பெண். பி.காம். முடித்தவள். மாலை நாலு மணிக்கு நூலகம் திறக்கும்போது வாசலில் நிற்பாள். நேரே வந்து பீரோ முன்னால் நின்றுகொண்டு, "சார், இதுல ஒண்ணு குடுங்களேன்" என்பாள். நான் வங்கித் தேர்வு வழிகாட்டியை எடுத்து நீட்டுவேன். "முதல்ல இது. கதையெல்லாம் எங்கேயும் ஓடிப்போகாது" என்று அறிவுரையும் சேர்த்துக் கொடுப்பேன். அறிவுரைக்கு ரசீது போட வேண்டியதில்லை பாருங்கள். இப்படி ஏழெட்டு மாதம் நடந்தது.

ஒருநாள் அவள் கேட்கவில்லை. கண்ணாடி வழியாகப் புத்தக முதுகுகளில் இருந்த தலைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். மொத்தம் பதினொன்று. எழுதி முடித்ததும் வழிகாட்டியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "சரி சார், வேலை கெடைச்சதும் வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

அட்டை யார் பெயரில்

அந்தக் கார்த்திகை மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டாம் நாள் போய்விட்டாள். நாளிதழ் படிக்க வருகிற ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று மாலை பீரோ பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவளுடைய அம்மா வந்தார். கிளியம்மா. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர், கணவரை முன்பே இழந்தவர், ஒரே மகள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். முந்தானையிலிருந்து மகளின் நூலக அட்டையையும், நோட்டிலிருந்து கிழித்த அந்தத் தாளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். உறுப்பினர் இறந்தால் அட்டையை ரத்து செய்ய வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன்.

அவர் சொன்னது வேறு. அவர்கள் பக்கம் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணுக்கு வருஷம் திரும்பும் நாளில் படையல் போடுவார்கள். அவளுக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும், எதிலும் குறை வைக்கக் கூடாது. மகள் ஆசைப்பட்டது இந்தப் பதினொன்று. அதற்குள் பதினொன்றையும் படித்து, ஒவ்வொரு கதையாக அவள் படத்துக்கு முன்னால் சொல்லி முடிக்க வேண்டும். "நீங்க உறுப்பினர் ஆயிடுங்கம்மா, உங்க பேர்லயே தரேன்" என்றேன். அவர் அட்டையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்: "அவ பேர்லயே எழுதுங்க சார். படிச்சது அவளா இருக்கட்டும்."

பதினெட்டு வருடத்தில் நான் மீறிய முதல் விதி அதுதான். பீரோவைப் பூட்டி வைத்த கதையை மட்டும் சொல்லவில்லை.

மூன்று மூன்று பெயர்

முதல் புத்தகம் போன நாலாம் நாளே கிளியம்மா திரும்பி வந்தார். பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சத்துணவுக் கூடத்து வாசலில் உட்கார்ந்து எழுத்தின்மேல் விரல் வைத்துப் படிக்கிறார். இருபது பக்கம் ஆகியிருந்தது. இருபதாம் பக்கத்தில் வருகிறவன் மூன்றாம் பக்கத்தில் வந்தவனா, வேறு ஆளா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "பார்த்துச் சொல்றேன்" என்று சமாளித்து, அன்று அவர் போனதும் அந்த நாவலின் இன்னொரு பிரதியைக் காஞ்சிபுரத்துப் பெரிய நூலகத்திலிருந்து வரவழைத்தேன். அவருக்கு ஒரு அத்தியாயம் முன்னால் நான் ஓட வேண்டும், அதுதான் ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் இரண்டாம் பிரதி கிடைக்கவில்லை. கிடைக்காததை நான் முதலில் முடித்துவிட்டுக் கொடுப்பேன். பஸ்ஸில் படித்தேன், வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் படித்தேன். என் மனைவி எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டினாள்.

குளிர்தேசத்து நாவல்களில் ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர், கோபம் வந்தால் ஒரு பெயர். எல்லாரையும் ஒரு அட்டையில் எழுதி, யாருக்கு யார் என்ன உறவு என்று கோடு போட்டு அவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆளுக்கு மூணு மூணு பேரு வச்சிக்கினு இருக்கானுங்களே, ரேஷன் கார்டுல எதைத்தான் சார் எழுதுவானுங்க?"

அடுப்பு

ஒரு நாவலில் கணவனை இழந்த சீமாட்டி இரண்டு அத்தியாயம் முழுக்க, கதைக் கணக்கில் இரண்டு மாதம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டவே முடியவில்லை. கிளியம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, மஞ்சள்தூள் விரல் பட்டுப் பக்கத்துக்குப் பக்கம் கறை ஏறியிருந்தது. கண்டிக்க வேண்டியவன் கறையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் போன நாலாம் நாளே வேலைக்குப் போனவர் அவர். நூற்றுப் பத்துப் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது உலை வைக்காமல் எப்படி இருப்பது என்று என்னிடம் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். அதனாலோ என்னவோ, சீமாட்டியைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது: "அழுவட்டும் சார், வேணாங்கல. அந்த ரெண்டு மாசமும் அந்த வூட்ல அடுப்பை யாரு பத்த வச்சாங்க?"

நாலாம் நம்பர்

பட்டியலில் நாலாவது நாவலை முன்கூட்டியே படித்தேன். அதில் ஒரு பெண் பிள்ளை காய்ச்சலில் சாகிறாள். முப்பது பக்கத்துக்குச் சாகிறாள். தாயார் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போடுவதெல்லாம் வருகிறது. நான் அந்தப் புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்து, பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு, "வேற யாரோ எடுத்துப் போயிருக்காங்க, ஐந்தாவதைப் படிங்க" என்றேன். ஐந்து, ஆறு, ஏழு என்று போனது. ஒவ்வொரு தடவையும் அவர் நாலைக் கேட்பார், நான் ஒரு பொய் சொல்வேன். பூட்டி வைப்பது எனக்குப் பழகிப்போன வேலை.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. "அழுவேன்னு ஒளிச்சு வச்சிக்கினு இருக்கீங்களா? அழுவறதுக்குத்தானே சார் வந்துக்கினு இருக்கேன்."

சிறந்த வாசகி

ஐப்பசியில் மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். வழங்கல் பதிவேட்டைப் புரட்டியவர் ஒரு பெயரில் நின்றுவிட்டார். கலைச்செல்வி, உலக நாவல்கள், ஒன்பது. கண்டுபிடித்துவிட்டார், வேலைக்கே ஆபத்து என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இருபது வருடமாக ஊர் ஊராகப் பதிவேடு பார்க்கிறாராம், தொடர்கதையும் சமையல் குறிப்பும் தவிர யாரும் எதுவும் எடுப்பதில்லையாம். அவர் கண் கலங்கியிருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். அடுத்த மாதம் நூலக வார விழா. என் தோளைத் தட்டிச் சொன்னார்: "இந்தப் பொண்ணை மேடையில ஏத்தி ஒரு சால்வை போடுங்க சார், நாலு பிள்ளைங்க பாத்துக் கத்துக்கட்டும்."

கடைசி இரண்டு பக்கம்

கார்த்திகை வந்தது. வாசகி வெளியூர் போயிருக்கிறாள் என்று எழுதி, விழாச் சால்வையை எப்படியோ சமாளித்திருந்தேன். பதினோராவது புத்தகத்தை முடிக்காமல் இரண்டே இரண்டு பக்கத்தை மிச்சம் வைத்துக்கொண்டு, படையலுக்கு என்னை அழைத்தார் கிளியம்மா. போனேன். பாலாற்றுப் பக்கம் ஒற்றை அறை வீடு. படத்துக்கு மல்லிகைச் சரம், முன்னால் தலைவாழை இலையில் வடை, சுண்டல், அவளுக்குப் பிடித்த பரோட்டா. ஒரு புதுச் சுடிதார், கண்ணாடி வளையல். அவற்றுக்கு நடுவில் எங்கள் நூலக முத்திரை போட்ட நாவல், அட்டையில் மஞ்சளும் குங்குமமும். கற்பூரம் காட்டுவதற்கு முன்னால் அவர் அந்த இரண்டு பக்கத்தையும் விரல் வைத்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். உறவுக்காரர்கள் பசியோடு நின்றார்கள். முடித்ததும் படத்தைப் பார்த்து, "அவ்ளோதான்மா" என்றார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கை கழுவுகிற இடத்தில் அவரைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் ஏழெட்டு மாதம் தினமும் வந்து கேட்டதை, நான் வழிகாட்டியையே நீட்டியதை, சாவி என் இடுப்பில்தான் இருந்தது என்பதை. "உயிரோட இருந்தப்ப அவ ஒண்ணுகூடப் படிக்கலம்மா, நான்தான் விடலை" என்றேன். கன்னத்தில் அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் குவளையில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினார். பிறகுதான் பேசினார்: "எனக்குத் தெரியும் சார். அவ காலேஜ் முடிச்ச வாரம் மஞ்சப் பையோட ஒருத்தி உங்ககிட்ட வந்து, கதை புக்கு குடுக்காதீங்கன்னு சொல்லலே? நீங்க நிமிந்துகூடப் பாக்கல. அது நான்தான். நான் சொன்னதைத்தான் சார் நீங்க செஞ்சீங்க."

மறுநாள் நூலகத்தைத் திறந்ததும் முதல் வேலையாகப் பீரோவின் பூட்டைக் கழற்றினேன். புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினால் வாசகருக்கு அபராதம் உண்டு, தாமதமாகக் கொடுத்த நூலகருக்கு ஒன்றும் கிடையாது, எங்கள் தொழிலில் இருக்கிற ஒரே சௌகரியம் அதுதான்.