பச்சை மனிதனுக்கு நம் வயது தெரியுமா?

என் எழுத்து முன்னே பின்னே இருக்கும். தொடக்கப் பள்ளியோடு நின்றவள், மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சரோஜாவை இங்கே சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். அதாவது... முதலில் ரோட்டின் இந்தப் பக்கம் வரைக்கும்தான்!

சரோஜா என் பக்கத்து வீட்டுக்காரி. முட்டியில் ஆபரேஷன் ஆனவள். ஒரு தடவை ரோட்டைக் கடக்கும்போது பாதியிலேயே சிவப்பு விழுந்து, ஒரு கார்க்காரர் ஹார்ன் அடித்துவிட்டார். அன்றோடு வெளியே வருவதையே விட்டுவிட்டாள். மகன் ஃபோனிலேயே காய்கறி வரவழைக்கிறான். ஆனால், கீரையை ஃபோனில் கிள்ளிப் பார்க்க முடியுமா?

சிக்னல் கம்பத்தில் முதியோர் கார்டைத் தட்டினால் நடக்கச் சொல்லும் அந்தப் பச்சை மனிதன் விளக்கு கூடுதல் நேரம் நிற்கும். "தட்டுடி" என்றேன்.

"மாட்டேன் லா. கார்டுல என் வயசு இருக்கு. தட்டினா அந்த நம்பர்தான் மேல வரும். ரோடே பார்க்கும்!"

"யாரு சொன்னா?"

"நானே பார்த்தேன். ஒரு தாத்தா தட்டினாரு, இருபத்தெட்டுன்னு வந்துச்சு."

"தாத்தாவுக்கு இருபத்தெட்டு வயசா?"

"மெஷின் ரிப்பேரா இருக்கும்..."

பக்கத்தில் சிக்னல் பெட்டியைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் சிரித்துவிட்டார். தமிழ்நாட்டுக்காரர். எனக்குப் புது ஆளிடம் பேச வராது. ஆனாலும் கேட்டேன்.

"உள்ளே சின்ன கம்ப்யூட்டர் இருக்கும்மா. அதுல ஒரு டைமர். எவ்வளவு நேரம்னு முன்னாடியே ப்ரோக்ராம்ல போட்டு வெச்சிருப்பாங்க. கார்டு தட்டினா, பெரிய நம்பர்லேர்ந்து கீழ எண்ண ஆரம்பிக்கும். அவ்ளோதான். அந்த நம்பர் செகண்டு, வயசெல்லாம் காட்டாது."

"காரெல்லாம் காத்துக் கிடக்குமே தம்பி?" என்றாள் சரோஜா.

"கிடக்கட்டும்மா. அது உங்களுக்குன்னே போட்ட நேரம்."

முகம் தெரியாத யாரோ ஒருவர், முட்டி வலிக்கிறவள் ரோட்டைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்! வீட்டில் நமக்காக யாராவது அப்படி யோசிக்கிறார்களா? சரி... நாமே யோசிக்கிறோமா?

சரோஜா தட்டினாள். பாதி ரோட்டில் நின்று, காத்திருந்த லாரியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நடடி! கும்பிடுறதுக்கு நேரம் போடல!" என்று அதட்டினேன். லாரியில் இருந்த பையன்கள் ஓவென்று சிரித்தார்கள். ஒருவன், "மெதுவா வாங்கம்மா!" என்றான்.

அந்தப் பக்கம் ஏறியதும் அவள் திரும்பிப் பார்த்தாள். "நம்பர் இன்னும் மிச்சம் இருக்கு லா!"

டைமர் விவரத்தைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சரிபார்த்து, தப்பிருந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். சரோஜா காதுக்குப் போக வேண்டாம் — நாளைக்கு அவள் தனியாகக் கீரை வாங்கப் போகிறாள்.