பாதி ரேட்டில் ஒரு ரவுண்டு

போர்ட் பிளேரிலிருந்து சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்துச் சரியும் குன்றின் மேல் ஒன்பது ஹோல் கோல்ஃப் கோர்ஸ் ஒன்று. அங்கே ஸ்டார்ட்டராகப் பல வருடம் வேலை பார்த்தேன். வருகிறவர் பெயரை எழுதி, ஸ்கோர் கார்டு கொடுத்து, வரிசைப்படி ஆட அனுப்புவது ஸ்டார்ட்டர் வேலை. கோர்ஸ் சின்னது, ஆனால் பொல்லாதது. புல்லில் நண்டு வளை, ஓரத்தில் காடு, ஓயாத காற்று. மெயின்லேண்டில் நன்றாக ஆடுகிறவர்களே இங்கே பந்துகளைத் தொலைத்துவிட்டுப் போவார்கள்.

மழை சீசனில் ஆள் வராது. அதனால் அந்த மாதங்களில் பாதி ரேட் என்று கேட்டில் போர்டு வைப்போம். ஒரு ஜூலை காலை அதைப் படித்துவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டியவர். கையில் குடை, காலில் கான்வாஸ் ஷூ.

"ஹட் பே கப்பல் இன்னிக்குக் கேன்சலுங்க. கடல் ரஃப்பாம். அங்க மக டீச்சரா இருக்கா, பாக்கப் போறேன். இனி நாளைக்குத்தான் கப்பல். ஒரு ரவுண்டு ஆடலாமுங்களா?"

பெயர் செல்லையா, ஊர் நீலகிரி. எந்த கிளப் மெம்பர் என்று கேட்டேன். வெளியாள் ஆட வேண்டுமென்றால், அவர் ஆட்டத் தரத்தைச் சொல்லும் ஹேண்டிகேப் சர்டிஃபிகேட்டை அவருடைய கிளப் தந்திருக்க வேண்டும்.

"மெம்பர் இல்லீங்க. நான் காடி. முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவங்க பேக்கைத் தூக்கினேன். சாயங்காலத்துல ரெண்டு மூணு ஹோல் அடிச்சிருக்கேன். கார்டுல பேர் எழுதி முழு ரவுண்டு ஆடுனதில்ல."

"சர்டிஃபிகேட் இல்லாம விடக்கூடாதுங்கய்யா."

"தெரியுமுங்க. எங்க ஊர்லயும் அதே ரூல்தான்" என்று குடையை எடுத்துக்கொண்டு திரும்பினார். வாதாடியிருந்தால் அப்படியே அனுப்பியிருப்பேன். வாதாடாததால் திரும்பக் கூப்பிட்டேன். ஹேண்டிகேப் கட்டத்தில் இருபத்துநாலு என்று நானே எழுதினேன். தவறென்று தெரிந்தே எழுதினேன்.

அன்று எங்கள் காடிகள் யாரும் வரவில்லை. கவுண்டரைப் பூட்டிவிட்டு வாடகை மட்டைகள் இருந்த பேக்கை நானே தூக்கினேன். அதிலும் தகராறு. நான் பேக்கைக் கீழே வைத்தால் போதும், அவர் எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வார்.

"ஐயா, அது என் வேலை."

"கை தானாப் போகுதுங்க" என்று கூச்சத்தோடு திருப்பிக் கொடுப்பார். மூன்று ஹோல் வரை இப்படியே போனது.

ஐந்தாவது ஹோலில், குழியைச் சுற்றியிருக்கும் கிரீனில் நின்றபோது கிளப் செக்ரட்டரி வந்துவிட்டார். ரிட்டயர்ட் அதிகாரி, வடநாட்டுக்காரர். "யே கோன் ஹை? சர்டிஃபிகேட் தேக்கா?" என்று, இவர் யார், சர்டிஃபிகேட் பார்த்தாயா என என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் செல்லையா தொப்பியைக் கழற்றினார்.

"காடி, சார். நாட் மெம்பர். நோ சர்டிஃபிகேட்."

செக்ரட்டரி கார்டை வாங்கிப் பார்த்தார். அந்த இருபத்துநாலு யார் கையெழுத்து என்று அவருக்குத் தெரியும். "ரவுண்ட் பூரா கராவ். ஃபிர் ஆஃபீஸ் ஆவ்" என்றார். ரவுண்டை முடித்துவிட்டு நான் ஆபீசுக்கு வர வேண்டும். நான் காண்ட்ராக்ட் ஆள். மெமோ இல்லாமலே நிறுத்தலாம்.

ஏழாவது ஹோல்தான் எல்லோரையும் கவிழ்ப்பது. மேட்டிலிருந்து அடிக்க வேண்டும். நடுவில் கடல் தண்ணீர் ஏறும் ஓடை, அதைத் தாண்டி கிரீன். காற்று முகத்தில் அறைந்தது. செல்லையா ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையை உருவினார். நம்பர் குறைந்தால்தான் பந்து தூரம் போகும்.

"பத்தாதுங்கய்யா. அஞ்சு எடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை.

"தம்பி, முப்பத்தெட்டு வருஷமா நான் இதையேதான் மத்தவங்களுக்குச் சொன்னேன். இன்னிக்கு நானே தப்பா எடுத்துப் பாக்குறேனுங்க."

பந்து தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதும். நான் வாயைத் திறக்கவில்லை. நாலாவதுக்கு அவரே அஞ்சை எடுத்தார். அடிக்கும் நேரம் பார்த்துக் காற்று நின்றது. பந்து கிரீனைத் தாண்டிப் புதருக்குள் போனது. நான் சொன்னதும் சரியில்லைதான்.

புதரிலிருந்து தட்டி எடுத்து, கிரீனில் இரண்டு தட்டில் குழியில் போட்டார். தண்ணீரில் விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் ஓர் அடி அபராதம். "பத்துங்க. பத்துன்னே எழுதுங்க" என்று சத்தமாகச் சிரித்தார். ஒன்பதும் முடிந்ததும் கார்டில் கையெழுத்துப் போட்டார். ஸ்கோரைக் குறித்தவன் என்ற இடத்தில் என்னையும் போடச் சொன்னார். பிறகு அதைக் கப்பல் டிக்கெட் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டார்.

ஆபீசில் செக்ரட்டரி எழுத்தில் விளக்கம் கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஃபைலில் வைத்தார். வேலை போகவில்லை. "அடுத்த தடவை எனக்குப் போன் பண்ணு. பொய் எழுதாதே" என்றார். அது நியாயம். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன்.

நான் கற்றது வேறொன்று. அதுவரை யார் அடிக்க நின்றாலும் பின்னாலிருந்து நம்பர் சொல்லிக்கொண்டே இருப்பேன். அன்றோடு விட்டேன். ஆள் உம்மென்று இருக்கிறான் என்று சில மெம்பர்கள் குறைப்பட்டார்கள். கேட்டால் சொல்வேன். பெரும்பாலும் யாரும் கேட்டதில்லை.